கழுவுவதற்குப் பத்துக்குப் பத்து

என் சமையலறை ஜன்னலும் இன்ஷிராஹின் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் காற்று வரட்டும் என்று கட்டியவர்கள் ஒரு குறுகலான வெளி விட்டிருக்கிறார்கள். காற்று வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுச் சங்கதி மட்டும் தவறாமல் வரும். எங்கள் ஷுப்ரா பேட்டையில் எல்லாக் கட்டடமும் இப்படித்தான். கொஞ்சம் எக்கினால் எதிர்வீட்டு வெங்காயத்தை எடுத்துவிடலாம்.

இன்ஷிராஹ் முலூகியா கீரை சமைக்கும் நாள் மேல்மாடி, கீழ்மாடி எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாசனையால் அல்ல, ஷஹ்காவால். முயல் சாறு கொதிக்கும்போது பொடியாக நறுக்கிய கீரையைப் போட்டு, நெய்யில் சிவந்த பூண்டையும் கொத்துமல்லியையும் அதன் மேல் கொட்டுகிற நொடியில், சமைக்கிறவள் நெஞ்சு நிறைய மூச்சை ‘ஹா’வென்று உள்ளே இழுக்க வேண்டும். அதுதான் ஷஹ்கா. இழுக்காவிட்டால் கீரை அடியில் போய்ப் படிந்துவிடும். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இழுக்காமல் விட்டுப் பார்க்க இந்த ஊரில் எவளுக்கும் துணிச்சல் வந்ததில்லை.

நான் இழுத்தால் பூனை தும்மியது மாதிரி இருக்கும். அவள் இழுத்தால் தெருவில் போகிறவன் நின்று அண்ணாந்து பார்ப்பான். இத்தனைக்கும் வீட்டில் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசாதவள். அவள் கணவர் ஹில்மிக்கு எடைக்கற்களைச் சோதிக்கும் அரசு வேலை. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். ரொட்டி ஒரு பக்கம் கருகியிருக்கிறது, தேநீரில் சர்க்கரை தூக்கல், நேற்றைய சோறு இன்றையதைவிட மேல். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால் திட்டித் தொலைத்திருக்கலாம்.

“அவர் ஓய்வு பெறட்டும், மார்சேல். தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒரு கோடை முழுக்க இருக்கப்போறேன். அவரே சரின்னுட்டாரு” என்பாள். தங்கை தஹானி அலெக்சாந்திரியாவில் தனியாக இருக்கிறாள். பால்கனியில் நின்றால் கடல் தெரியுமாம். அந்தக் கோடையைத்தான் இன்ஷிராஹ் வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தாள்.

ஹில்மி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மனுஷன் காப்பிக்கடையில் உட்கார்ந்து டோமினோ ஆட வேண்டியதுதானே? இவர் நேரே சமையலறைக்குள் வந்துவிட்டார். ஒரு ஸ்டாண்டு வாங்கி அதில் போனை மாட்டி, சமையலறைச் சாமான்களுக்கு மதிப்பெண் போடும் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். வடிவமைப்பு, உழைப்பு, சத்தம், கழுவுவது என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை. பேசுவது அவர். படத்தில் தெரிகிற கைகள் இவளுடையவை.

ஒருநாள் ஏதோ ஒரு வாணலிக்கு மதிப்பெண் போடும்போது அவளுடைய ஷஹ்காவும் வீடியோவில் பதிந்துவிட்டது. அவ்வளவுதான். ஊர் முழுக்க அந்த மூச்சைப் போன் மணியாக வைத்துக்கொண்டது.

“மருந்துக்கடைக்காரன் என் மூச்சைப் போன்ல போட்டுக் காட்டுறான்டி. ‘அம்மா, இது நீங்கதானே? ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க’ங்கறான்.”

“காட்டினியா?”

“கடையில எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க. காட்டிட்டேன்.”

“அடி பைத்தியக்காரி!” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, “இப்பெல்லாம் வயித்திலேர்ந்து வரதில்ல, மார்சேல். தொண்டையிலேர்ந்துதான் வருது” என்றாள்.

கோடை வந்தது. இந்த மிக்ஸியை முடித்துவிட்டுப் போ என்றார் ஹில்மி. பிறகு கெட்டில். பிறகு ரொட்டி சுடும் பெட்டி. தஹானி போனில் சத்தம் போடுவது எனக்கே கேட்கும்: “மீன் பிடிக்கிறவன் வலையக்கூட காய விடுவான்க்கா! உன்ன எப்ப விடுவாரு?” இவள் மெதுவாக, “இது ஒண்ணு முடியட்டும்” என்பாள்.

அப்போதுதான் அந்தக் கீரை அரைக்கும் இயந்திரம் வந்தது. இருக்கிறதிலேயே உயர்ந்த ரகம் என்றார்கள். கனத்த எஃகுக் கிண்ணம், காந்தம் வைத்து ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும் மூடி, கழற்றி மாட்டும் பிளேடு. சத்தமும் குறைவு, உண்மையைச் சொல்ல வேண்டும். விற்கிற நிறுவனத்தின் ஆள், முலூகியாவும் ஷஹ்காவுமாக ஒரு நேரலை நன்றாக வந்துவிட்டால் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம், வாரம் ஒரு வீடியோ என்று சொல்லியிருந்தான். ஹில்மி இதை ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னபோது, அவருக்குப் பின்னால் நின்ற இன்ஷிராஹின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடம் என்றால் அடுத்த கோடையும் போயிற்று.

முதலில் ஒத்திகைகள். புதினாவை அரைத்தார்கள், சதகுப்பையை அரைத்தார்கள். புதினா அருமையாக வந்தது. ஆனால் பிளேடுக்கு அடியில் ஒரு விளிம்பு. அதற்குள் போய் ஒட்டிக்கொள்கிற கீரையைக் கொண்டை ஊசி வைத்து நோண்டி நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள் இவள். எனக்குப் பொறுக்கவில்லை.

“உஸ்தாத் ஹில்மி, கழுவுறதுக்கு எத்தனை போட்டீங்க?”

“பத்துக்குப் பத்து, மதாம் மார்சேல். தண்ணிய ஊத்தினா போதும்.”

“யாரு ஊத்தினது?”

“நாம மெஷினப் பத்திப் பேசறோம், ஆளப் பத்தி இல்ல” என்றார்.

முலூகியாவைப் போட்டபோது இயந்திரத்தின் குட்டு வெளிப்பட்டது. இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைகத்தியை ஊஞ்சல் மாதிரி ஆட்டி நறுக்கினால் கீரை பச்சையாகவே இருக்கும். இதில் அது கருத்துக் கூழாகிப்போனது. இன்ஷிராஹ் விரலில் தொட்டுப் பார்த்தாள். “இது நறுக்கலைங்க. மென்னு துப்புது.”

“கொதிச்சா யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது? உன் ஷஹ்காவைக் கேக்கத்தான் வர்றாங்க” என்றார் ஹில்மி.

நேரலை வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய நேரம். கிறிஸ்தவர்களான எங்களுக்கு அன்று நோன்பு நாள்; இறைச்சி வாசனையைக்கூட முகரக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஹில்மி ஸ்டாண்டைச் சமையலறை வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், எதிரே போன். வெளியே போக வேண்டுமென்றால் பார்த்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினார், மூடியைத் திறந்து மூடினார், கழுவுவதற்குப் பத்துக்குப் பத்து என்று மறுபடியும் அறிவித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஷஹ்காவுக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனா நீங்க எல்லாரும் அதுக்குத்தான் காத்திருக்கீங்க. இன்ஷிராஹ்!” என்றார்.

அவள் கீரையைச் சாற்றில் போட்டுக் கலக்கினாள். பூண்டுக் கரண்டியை எடுத்தாள். கொட்டினாள். ‘ஸ்ஸ்’ என்று பானை சீறியது.

அவள் இழுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, பானையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

“இழு” என்றார் ஹில்மி, உதட்டை அசைக்காமல். அவள் அசையவில்லை. “இழுடி, கீரை கீழ போகுது!” சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மூச்சு பாதி உள்ளே போய்விட்டது, நோன்பாவது ஒன்றாவது. அவளோ நின்றவள் நின்றபடி இருந்தாள். ஹில்மி பானையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி பானையைப் பார்த்தார். பிறகு மாடிப்படியில் கால் வழுக்கியவன் மாதிரி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ‘ஹா!’ என்று அவரே இழுத்துவிட்டார்.

கட்டடமே சிரித்தது. மேல்மாடியில் யாரோ குலவை போட்டார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். தொலைந்தது ஒப்பந்தம், விட்டது சனியன் என்று நினைத்தேன்.

நேரலை முடிந்ததும் போன் அடித்தது. நிறுவனத்தின் ஆள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, ஹில்மியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. போனை வைத்துவிட்டு, “கிடைச்சிருச்சு!” என்று கத்தினார். “மனைவி மறந்துட்டா, புருஷன் இழுக்கிறான். ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து, வாராவாரம். ஒரு வருஷம், இன்ஷிராஹ்!”

என் சிரிப்பு நின்றுவிட்டது. பாவி மகள் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் விற்றுவிட்டார்கள்.

இன்ஷிராஹ் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் தஹானி வீட்டுக்குப் போறேன்.”

“அடுத்த வாரம்...”

“இப்ப.”

“ஏன்? இங்க உனக்கு என்ன குறை? ஆமா, ஏன் இழுக்கல நீ? உடம்பு சரியில்லையா?”

“மூச்சு இல்லைங்க.”

“டாக்டர்கிட்ட காட்டுவோம்.”

“டாக்டர் வேணாம்.” அவள் குரல் அப்போதும் உயரவில்லை. “இத்தனை வருஷமா நீங்க காலையில வெளிய போனதுக்கப்புறம்தான் நான் மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன். இப்ப நீங்க போறதே இல்ல.”

அவள் ஸ்டாண்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் படியில் பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. முன்பக்க பால்கனிக்கு ஓடினேன். அண்ணாந்து பார்த்துக் கையாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, பொறாமையும்தான்.

மறுநாள் மத்தியானம் எதிர் ஜன்னலில் ஹில்மி வந்து நின்றார். முகம் மழித்திருக்கவில்லை. அடுப்பில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது.

“மதாம் மார்சேல், உப்பு எங்க வச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஒரு வருடமாக அந்தச் சமையலறையில் நின்று, இருக்கிற சாமானுக்கெல்லாம் மதிப்பெண் போட்ட மனிதர். உப்பு அவர் தலைக்குப் பின்னால், அலமாரியின் முதல் தட்டில் இருந்தது. என் ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

“தெரியாதே, உஸ்தாத்” என்றேன்.