கெஜட்டில் வந்த ஒரு வரி

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். வாரா வாரம் மெட்ராசிலிருந்து கெஜட் கட்டு வரும். அதை முழுசாகப் படிக்க யாருக்குப் பொறுமை? எங்கள் ஊர்ப் பெயர் வருகிற வரியை மட்டும் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவிட்டு, மீதியைப் பழைய பேப்பர்க் கட்டில் தள்ளிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். கேட்க ஆளில்லை.

ஒரு நாள் நான் ஒட்டிய வரி யாரைப் பற்றியது என்று மறுநாள்தான் உறைத்தது. கடைத்தெருவில் கிளினிக் வைத்திருந்த எங்கள் டாக்டர். பெயர், படிப்பு, செஞ்சி. மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. அவ்வளவுதான் இருந்தது. தொண்டூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவுக்கு அது எட்டாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இதையாவது உயிரோடு கையில் கொடுத்துவிடுகிறேன் என்று அந்த டாக்டர்தான் சொல்லியிருந்தார்.

ஹெட்கிளார்க்கிடம் நோட்டைக் காட்டினேன்.

"பேர எடுத்துட்டான்னா சும்மாவா எடுப்பான்? இன்னா பண்ணித் தொலைச்சாரோ, யாருக்குத் தெரியும்" என்றார் வெற்றிலையை மென்றபடி.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கிளினிக் வாசலில் போவதும் வருவதுமாக இருந்தேன். அவர் பாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். யாரைக் கொன்றாரோ, எந்தப் பெண் மேல் கைவைத்தாரோ என்று என் மனசு கண்டதையும் நினைத்தது. இரண்டு தரம் படியேறித் திரும்பிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

ஞாயிற்றுக்கிழமை தொண்டூருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"அந்த டாக்டர் வேணாம்க்கா. பேர எடுத்துட்டாங்க. கவர்மெண்டே அச்சு போட்டிருக்குது."

"இன்னாடி தப்பு பண்ணாரு?"

"அது போடல. தப்பு பண்ணாம எடுப்பாங்களா?"

"நல்ல மனுசன்டி அவரு."

"ஆமா, நல்லவன்னு மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது!" என்று சீறினேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். பிரசவத்துக்கு விழுப்புரம் பெரியாஸ்பத்திரி என்று முடிவாயிற்று.

வலி இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. மாமா வண்டி கட்டிக்கொண்டு காலையிலேயே செஞ்சிக்கு அழைத்து வந்தார். நானும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். விழுப்புரம் பஸ் புறப்பட்டுக் கடைத்தெருவில் ஆள் ஏற்ற நின்றது. நேர் எதிரே கிளினிக் திறந்திருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இங்கியே எறங்கிடலாம்டி. தாங்கல."

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா. போயிடலாம்" என்றேன்.

அனந்தபுரம் தாண்டி பஸ்ஸை நிறுத்தச் சொன்னோம். ஆண்களெல்லாம் இறங்கிவிட, பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்தார்கள். ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவே இல்லை.

நாலு நாள் கழித்து ஆபீஸுக்குப் போனதும் பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்தேன். எதற்கு? அந்த மனுஷன் பாவி என்று எனக்கு உறுதியாக வேண்டியிருந்தது. சாமி சத்தியமாக, அவர் கொலையே செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேடினேன். நான் ஓட்டை போட்ட தாள் கிடைத்தது. அந்த ஓட்டைக்கு மேலே தடித்த எழுத்தில் தலைப்பு: இன்னும் இதே விலாசத்தில் தொழில் செய்கிறீர்களா என்று கேட்ட கடிதத்துக்குப் பதில் தராதவர்கள். ஒழுக்கக்கேட்டுக்காக நீக்கப்பட்டவர்கள் அடுத்த பக்கத்தில், தனித் தலைப்பில், வேறு இரண்டு பேர். எங்கள் டாக்டர் செய்த குற்றம் ஒரு கார்டு எழுதிப் போடாதது.

பாவி நான்தான். அன்றைக்கே தொண்டூருக்குப் போனேன். அக்கா பால் கட்டிக் காய்ச்சலோடு படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"அவரு ஒரு தப்பும் பண்ணலக்கா."

"எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள். "நீ படிச்சவளாச்சேன்னுதான் பஸ்ஸுல உக்காந்துட்டு வந்தேன்."