அரை கிராம் நட்டு

சேரப்பணஞ்சேரி திருநாவுக்கரசுக்கு எடை குறைப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. தன் எடையை அல்ல. அது பெல்ட்டுக்கு மேலே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரகடத்தில் காருக்கு சீட் சட்டம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் லைன் இன்ஸ்பெக்டர். ஏதாவது ஒரு பாகத்தில் கொஞ்சம் எடை குறைக்க வழி சொன்னால் அங்கே மேடையேற்றிக் கைதட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். அவர் வீட்டில் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. மூன்றும் மூன்று நேரம் காட்டும்.

ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் அவர் ஹாம் ரேடியோக்காரர். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மோர்ஸ் தந்தி பாஷையில் முகம் தெரியாத ஆட்களோடு பேசுகிறவர். பேசுவது வாயால் அல்ல, ‘கீ’ என்கிற சின்னக் கருவியால். விரலால் தட்டினால் இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும், ரேடியோ அலையை அனுப்பும், விட்டால் நின்றுவிடும். கடையில் வாங்கும் கீ பித்தளையில் கனமாக இருக்கும். ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை, ஆற்று மணல் என்று போய் உட்காருகிறவர்களுக்கு அது வீண் சுமை. அதனால் அவரே செய்வார். உடைந்த சர்க்யூட் போர்டுத் துண்டு அடித்தட்டு, ஹாக்ஸா பிளேடு ஸ்பிரிங், சட்டைப் பொத்தான் பிடி. முனைகளுக்கு நடுவே இடைவெளி வைக்க ஒரு பொடி ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ அசையாமல் இருக்க அதன் மேல் ஒரு லாக் நட்டு.

அந்த நட்டில்தான் வினை வந்தது.

யார் செய்த கீ லேசு என்று இவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஓயாத போட்டி. தராசில் வைத்துப் படம் எடுத்துப் போடுவார்கள். நண்பன் விமல்ராஜுக்காகச் செய்த கீ ஐந்து கிராமுக்கு ஒரு மயிரிழை மேலே நின்று அவரை வெறுப்பேற்றியது. நட்டைக் கழற்றினார். முள் இறங்கியது. ஸ்க்ரூ நகராமல் இருக்க மனைவி சாரதாவின் நகப்பாலிஷில் ஒரு சொட்டு வைத்தார். கம்பெனியில் நாள் முழுக்க ஒவ்வொரு நட்டும் இறுகியிருக்கிறதா என்று பார்த்து மஞ்சள் கோடு போடுகிற மனுஷன் செய்கிற வேலையா இது? படத்தைப் போட்டார். குழுவில் பாராட்டு குவிந்தது. வாயெல்லாம் பல்.

விமல்ராஜ் வாலாஜாபாத்துக்காரன். முன்பு வேறொரு இடத்தில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தபோது அவன் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. டாக்டர்கள் ஒட்டவைத்தார்கள். விரல் வந்தது, உணர்ச்சி வரவில்லை. சூடும் தெரியாது, எதையாவது தொட்டாலும் தெரியாது. இப்போது திருநாவுக்கரசின் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறான். இருவரும் சேர்ந்துதான் ஹாம் பரீட்சைக்குப் படித்தார்கள். விரலை நம்பாமல் மணிக்கட்டால் தட்டிப் பழகி, கடைசியில் இவரைவிடத் தெளிவாக அனுப்பினான். “இந்தக் கைக்கும் ஒரு வேலை கெடச்சிடுச்சுண்ணா” என்று அவன் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவேண்டும்.

மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பாலாற்று மணலுக்கு ரேடியோவோடு போனான். மதியமே திரும்பி, நேராக இவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“ரேடியோ பூட்ச்சுண்ணா. ஆன்டெனா மாட்றதுக்கு முன்னாடி, சார்ஜ் கீதான்னு ஆன் பண்ணிப் பாத்தேன். ஹெட்போன்கூட மாட்டல, அதான் சத்தமும் கேக்கல. என் வெரலு கீ மேல இருந்துக்கீது போல. அழுத்திக்கினு இருந்தது எனக்கே தெர்லண்ணா.”

ஆன்டெனா இல்லாமல் அலையை அனுப்பினால் உள்ளே டிரான்சிஸ்டர் வெந்துபோகும். அதுதான் நடந்திருந்தது. “வுட்றா, பாத்துக்கலாம்” என்று ரேடியோவையும் கீயையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவன் பைக்கை எடுத்தபிறகு கீயில் மீட்டர் வைத்துப் பார்த்தார். முனைகள் தொட்டால்தான் மீட்டர் ஒலிக்கும்; மேஜைமேல் கீ சும்மா கிடக்க, யாரும் அழுத்தாமலே அது ‘பீப்’ என்று கத்திக்கொண்டே இருந்தது. வண்டி குலுங்கிய குலுக்கலில் நகப்பாலிஷ் விரிசல் விட்டு, ஸ்க்ரூ இறங்கி, முனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. ரேடியோவை எரித்தது விமல்ராஜின் விரல் அல்ல, இவருடைய ஜம்பம்.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். பைக் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்காது. இவர் என்ன செய்தார்? ஸ்க்ரூவை மேலே ஏற்றி, கழற்றிய நட்டைத் தேடி எடுத்து மாட்டி, மீட்டர் வாயடைத்ததும் கூடவே தானும் வாயடைத்துக்கொண்டார். ரேடியோவைத் தன் செலவில் சரிசெய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். சரிசெய்தும்விட்டார். கொண்டுபோய் ஸ்டோர்ஸ் ஜன்னலில் நீட்டினால் அவன் வாங்கவில்லை.

“வேணாண்ணா. நீயே வச்சிக்கோ. என் கை சரிப்படாது.”

அன்றிலிருந்து திருநாவுக்கரசுக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் மஞ்சள் கோடு போடும்போதெல்லாம் கை கூசியது. “இன்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று சாரதா கேட்டால் எரிந்து விழுந்தார். இப்படியே மழை முடிந்தது, பொங்கலும் போனது.

படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது விமல்ராஜின் மனைவி பூர்ணிமாவைப் பார்த்தார். இடுப்பில் கைக்குழந்தை ஐஸ்வர்யா.

“அண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு. கொழந்தையத் தூக்கவே மாட்றாருண்ணா. ‘அழுத்திக்கினு இருந்தாக்கூட எனக்குத் தெரியாது, கழுத்த கிழுத்த அமுக்கிட்டன்னா’ன்றாரு. அந்த ரேடியோ எரிஞ்சதுலேர்ந்துதான் இப்டி.”

வந்த ஆட்டோவை விட்டுவிட்டு, அதற்கடுத்த ஆட்டோவையும் விட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

அந்த ஞாயிறு கீயை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போனார். விமல்ராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான். எட்ட இருந்த பாயில் குழந்தை. காபி கொடுக்க வந்த பூர்ணிமாவையும் நிற்கச் சொன்னார். கீயிலிருந்து நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இது இல்லாம குடுத்தேன்டா உனக்கு. வெயிட்டு கொறைக்க. ஸ்க்ரூ தானா எறங்கி ஒட்டிக்கிச்சு. நீ அழுத்தல. உன் கை இல்ல.”

விமல்ராஜ் நட்டைப் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்தான்.

“என் கை இல்லியா?”

“இல்லடா.”

அவன் முகம் மலர்ந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

“உனக்கு எப்போண்ணா தெரியும்?”

“அன்னிக்கே. நீ பைக்க எடுத்தியே, அப்பவே.”

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. பூர்ணிமாதான் வாய் திறந்தாள். “அன்னிக்கேவா? கொழந்த குப்புற வுழுந்தா, தவழ்ந்தா, எல்லாத்தையும் அந்த செவுத்தோரம் நின்னு பாத்துக்கினு இருந்தாருண்ணா இவுரு.”

விமல்ராஜ் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கினான். வலது கையை முதுகில் கொடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டான். பழகாத ஆள் தூக்கிவிட்டான் என்று குழந்தை வீறிட்டது. அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. பூர்ணிமா வாங்கப் போனாள், அவன் தரவில்லை.

“நீ போய்ட்டு வாண்ணா” என்றான், திரும்பிப் பார்க்காமல்.

திருநாவுக்கரசு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். குழந்தையின் அழுகை தெருமுனை வரை கேட்டது.