ரப்பர் என்று பெயர் வாங்கியவர்

கஜா புயல் எங்கள் ஐஸ் கம்பெனிக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன வருஷம் ஜெகதாப்பட்டினத்துக்கு வந்தவர் அருள்தாஸ். போன செவ்வாய்க்கிழமை காலை, ஐஸ் வண்டி ஓட்டும் செல்வம் வண்டியை விட்டு இறங்காமலே என்னிடம் சொன்னான்: "பெருசு, ரப்பர் செத்துருச்சாம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என்ன சொன்னான் என்பது பிறகுதான் உறைத்தது. நெஞ்சுவலியாம். விராலிமலையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே போய்விட்டார். சொந்த ஊரான ஆவூரில் அடக்கம். இந்தக் கரையிலிருந்து போனது நான் ஒருவன்தான்.

அவருக்கு அந்தப் பெயர் விழுந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே ஒருவரை எழுதச் சொல்லி, இந்த இரங்கல் கூட்டத்தில் அவரையே வாசிக்கக் கேட்டிருக்கிறேன்.

சென்னையில் இருபது வருஷம் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர் அவர். அங்கே வேலை போனதும் நம் மீனவர் சங்கத்துக்கு டோக்கன் பதிவு செய்ய வந்தார். எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்ற பதிவு. அதுவரை அது என் வாயில் இருந்த வேலை. படகுத்துறையில் நின்று ஆட்களைப் பார்ப்பேன்; செயலாளரிடம் வந்து ஒப்பிப்பேன்; அவர் எழுதிக்கொள்வார். அருள்தாஸின் புரோகிராம் வந்ததும் என்னைச் சங்க வாசலில் குறுக்கே கட்டிய சங்கிலிக்குக் காவல் வைத்தார்கள்.

"உங்க ஞாபகம் பெரிய விஷயந்தாங்கய்யா. ஆனா அதுக்குக் காப்பி கிடையாதே. உங்களோட போயிரும்ல?" என்றார் ஒருநாள். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் நல்ல மனதோடு வாங்கிக்கொள்ளவில்லை.

சங்கத்துக் கம்ப்யூட்டரை வைரஸ் இரண்டு முறை தின்றது. புதிது வாங்க முடியாது என்றார் செயலாளர். லினக்ஸ் போட்டால் இதே பெட்டி ஓடும் என்றார் அருள்தாஸ். ஆனால் அவர் எழுதிவைத்த எதுவும் அதில் ஓடாது. நாற்பத்தெட்டு வயதில் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார். மீன் பெட்டி அட்டையைக் கிழித்து, பழைய வழி ஒரு பக்கம், புது வழி ஒரு பக்கம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். கை பழைய வழிக்கே போகும். தன் விரலைத் தானே தட்டிக்கொள்வார்.

"என்ன சார், எல்கேஜிப் புள்ள மாதிரி செவத்தப் பாத்து எழுதுறீங்க?" என்பார் செயலாளர்.

"ஆத்துல நீந்துனவரு கடலுக்கு வந்துருக்காருல்ல. நாலு மடக்குக் குடிக்கட்டும்" என்பேன் நான்.

அவரும் சேர்ந்து சிரிப்பார். "இது நம்மள நம்புற சிஸ்டம்ங்கய்யா. விண்டோஸ் நிசமாவான்னு கேக்கும். இது கேக்காது. சொன்னாச் செஞ்சுரும்."

ஐந்து மாதத்தில் முடித்துவிட்டார். தினமும் காப்பி எடுத்துவைக்கும் வேலை ஒன்றுதான் பாக்கி.

ஒரு திங்கட்கிழமை படகுகள் போன பிறகு, சோதித்துப் பார்க்கப் போட்டிருந்த பொய்ப் பெயர்களை அழிக்கப் போனார். அழிந்தது உண்மையான பட்டியல். விண்டோஸில் அவசரத்தில் அழித்ததைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து எடுத்துப் பழகிய கை அது. கறுப்புத் திரையில் தட்டி அழித்ததற்குத் தொட்டி கிடையாது.

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. நம் படகு ஒன்றை எல்லையில் இலங்கை நேவி பிடித்துவிட்டதாம், அதில் ஐந்து பேர். நம் கரையில் ஏறும் நேரத்தில் ஆள் மாறுவது உங்களுக்குத் தெரியும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் ஏறுவான். அந்த ஐவர் யார் என்று முதலாளிக்கே தெரியாது. மற்ற படகுகள் இன்னும் கரை திரும்பவில்லை. வேலை போனாலும் படகு ஏறும் ஆட்களை நின்று பார்க்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை; பெயர் தெரிந்தது பட்டியலுக்கும் எனக்கும்தான்.

பத்து மணிக்கு அருள்தாஸ் தனியாக என்னிடம் வந்தார். "அய்யா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சொல்லுங்கய்யா."

"காப்பி இல்லாத மண்டை தம்பி இது. என்னத்த இருக்கப்போகுது?" என்றேன்.

அங்கிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். என் நாக்கு நுனியில் ஐந்து பெயரும் இருந்தன. இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டேன்.

வெளியே பெண்கள் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு மாரியாயி கதவைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனாள். அவள் புருஷன் காளியப்பனும் கடலில் இருந்தான். எந்தப் படகு என்று அவளுக்குத் தெரியாது. "எம் புருசன் பேர என்னடா பண்ணுன?" என்று அருள்தாஸின் கன்னத்தில் அறைந்தாள். அவர் கண்ணாடி தெறித்து விழுந்தது. உள்ளே செயலாளர் இருந்தார். வாசலில் நான். அருள்தாஸ் என்னைப் பார்த்தார். 'இந்தப் பெருசுக்குத் தெரியும், கேட்டேன், சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் என்னைக் கிழித்திருப்பார்கள்.

"ஏந் தப்புதாம்மா" என்றார்.

அதன்பிறகு நான் உள்ளே போய் ஐந்து பெயரையும் ஒப்பித்தேன். காளியப்பன் அதில் இல்லை. மாரியாயி என் காலில் விழுந்தாள். செயலாளர் எனக்குத் துண்டு போர்த்தினார். கண்ணாடியை அருள்தாஸே குனிந்து தேடி எடுத்தார்.

மறுநாள் அதை ஒட்டிப் போட்டுக்கொண்டு வந்து, முதல் வேலையாகக் காப்பி எடுக்கும் புரோகிராமை எழுதினார். பழைய விண்டோஸுக்கே போய்விடச் சொன்னார் செயலாளர். "தப்பு அது பண்ணல சார். ஏங் கை பண்ணுச்சு" என்றார். பேரை அழித்தவர் என்று, அன்றிலிருந்து கரை முழுக்க அவர் ரப்பர். ரப்பர் என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் சங்கிலியைத் தாண்டும்போது, "சாப்ட்டீங்களாய்யா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

சுவரில் இருந்த அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. எது பழைய பக்கம், எது புதுப் பக்கம் என்று மட்டும் தெரியும். அவர் வாங்கிய அடியும் என்னிடம்தான் இருக்கிறது. என் கன்னத்துக்கு வர வேண்டியது அது. அன்று அங்கே இருந்தவர்களில் செயலாளர் போன வருஷமே போய்விட்டார். இப்போது அருள்தாஸும் இல்லை. அதை எனக்குத் திருப்பிக் கொடுக்க உரிமையுள்ள ஒருத்தி மட்டும் உயிரோடு இருக்கிறாள். இதோ, இந்தக் கூட்டத்தில், அவள் எப்போதும் உட்காரும் மூன்றாவது வரிசையில்: மாரியாயி.