வெடித்த அப்பிளும் சித்தப்பாவின் இருமலும்

பலெர்மோவில் சிறுவயதில் நான் சொன்ன பொய்களில் பாதி மொழிபெயர்ப்பாகத்தான் வெளிவந்தன. எங்கள் வீட்டில் இத்தாலியப் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். வேலைக்குப் போன இடத்தில் நீளமாகக் கதைக்க வேண்டியிருந்தால் சித்தப்பா என்னைக் கூட்டிப்போவார். இன்று எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இனியும் இதை மறைத்து என்ன?

பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் அவர் வேலை செய்தார். முற்றத்தில் சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவர் நட்ட அப்பிள் மரம் நின்றது. அந்த வருடம்தான் அது நன்றாகக் காய்த்திருந்தது. கோடைக்குக் கடற்கரை வீட்டுக்குப் புறப்பட்ட சிஞ்ஞோரா, மரத்துக்கு நாள்தோறும் கொஞ்சமாகத் தண்ணீர் விடச் சொன்னார். காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழத்தோல் வெடித்துவிடுமாம். திரும்பி வந்ததும் சித்தப்பாவின் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். அது கிடைக்காவிட்டால் சித்தப்பா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கொஞ்சமாகத் தண்ணீர் என்றதுமே சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் வெங்காயமும் மிளகாயும் வைத்துத் தோட்டம் செய்தவர்.

"விசர்க் கதை! பாத்தி கட்டி, முட்ட இறைச்சு, காயவிட்டுப் பேந்து இறைக்கோணும். சொல்லடா அவவுக்கு."

சிஞ்ஞோராவுக்குக் கோபம் வருமோ என்று பயந்தேன். வெளியே கூட்டாளிகள் பந்தோடு காத்திருந்தார்கள். சிஞ்ஞோராவிடம் தாழ்ந்த குரலில் அவசரமாக, நீங்கள் சொன்னபடியே செய்வாராம் என்றேன். சித்தப்பாவிடம், "உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிச் செய்யட்டாம்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார்: "தோட்டக் காரியத்திலை மனிசி என்ரை பேச்சைத்தான் கேக்குது."

"பாத்தடாப்பா, வீட்டையும் எழுதித் தரப்போறா" என்று ஒருவர் சீண்டினார்.

மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி, கிழமைக்கு ஒருமுறை வழிய வழிய நிரப்பினார். பழங்கள் பருத்து நிறம் பிடிக்கும் நேரத்தில் தோல் பிளக்கத் தொடங்கியது. பாதிக்கு மேல் போய்விட்டன.

சிஞ்ஞோரா திரும்பி வந்து மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படித் தண்ணீர் விட்டார் என்று கேள் என்றார். நான் சித்தப்பாவைக் கேட்கவேயில்லை. அவருக்குச் சுகமில்லை, பல நாள் எழும்பவில்லை, பிறகு பயத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஊற்றிவிட்டார் என்று இத்தாலிய மொழியில் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற சித்தப்பா மெல்ல இருமினார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை.

சிஞ்ஞோராவின் முகம் இளகியது. அடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் சீராக நிற்கும், அடுத்த கோடைக்கு அப்படிச் செய்யச் சொல் என்றார். கையெழுத்தும் போட்டார். வெடித்த பழங்களை எங்களுக்கே கட்டித் தந்தார்.

போர்கோ வெக்கியோவில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் நான் துள்ளிக்கொண்டே வந்தேன். "பாத்தியளே சித்தப்பா, எப்பிடிச் சமாளிச்சன்!"

"ஓம் தம்பி. நல்லாத்தான் கதைச்சாய்."

அதன்பிறகு கோயில் வாசலில் அவர் தோட்டக் கதை எடுக்கவில்லை. அந்தக் கிழமையே பாத்தியை வெட்டிச் சமப்படுத்தினார். எங்கிருந்தோ வைக்கோல் கொண்டுவந்து மரத்தடியில் பரப்பினார். வைக்கோலைப் பற்றி சிஞ்ஞோரா சொன்னதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவேயில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வெடித்த பழமொன்றின் நல்ல பக்கத்தைக் கடித்துக்கொண்டு, நல்லவேளை, இவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.