உள்ளே ஆள் இருக்கிற கதவு

அந்தப் பக்கத்தில் சாவி அடித்துக் கொடுப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு. பூட்டுக்காரர் என்றால் ஒருவர்தான். மற்றவர்கள் பழைய சாவியைப் பார்த்துப் புதுச் சாவி செய்வார்கள். இவர் பூட்டைக் காதோரம் வைத்துக் கேட்டே செய்வார். பள்ளிக்கூடம் அவரை மூன்றாம் வகுப்போடு கைகழுவிவிட்டது, நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். நகைக்கடைப் பெட்டகம் முதல், குழந்தை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்ட குளியலறை வரை, அவர் கை பட்டுத் திறக்காதது எதுவுமில்லை. யாருடைய தயவும் இல்லாமல், ஒரு அரத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் வைத்துக்கொண்டு மேலே வந்த மனிதர்.

அப்பேர்ப்பட்டவர்தான் தன் வீட்டுக் கதவைப் பார்த்து நடுங்கிப் போனார்.

எல்லாம் ஒரு கடை ஷட்டரால் வந்தது. சிக்கிக் கிடந்ததைச் சரி பண்ணக் கூப்பிட்டார்கள். ஸ்பிரிங் அறுந்து மொத்தமும் கீழே வந்தது. தலை தப்பியது, வலது மணிக்கட்டு போனது. மாவுக்கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு பூட்டுக்காரர் என்ன செய்வார்? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற மனைவியின் சம்பளம் வயிற்றுக்குச் சரியாகப் போனது. வாடகை நின்றது.

பழைய வீட்டுக்காரர் இருந்திருந்தால், "கை தேறட்டும்யா, பாத்துக்கலாம்" என்றிருப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு இப்போது அவருடைய மருமகன் கையில். கட்டடத்தில் எல்லாரும் அந்த ஆளை 'மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே அல்ல.

மனைவி எங்கெங்கோ புரட்டிப் பாதிப் பாக்கியை நீட்டினாள். மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பாதி வேணாம்மா. முழுசாக் குடு, இல்ல காலி பண்ணு."

"பாதியை வச்சுக்கிட்டு மீதிக்குக் கொஞ்சம் தவணை குடுங்களேன்."

"நான் என்ன சீட்டுக் கம்பெனியா நடத்துறேன்?" என்று சிரித்தவர், பூட்டுக்காரரின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாததா? நீங்க ரெண்டு பேரும் வெளிய போற நேரம் பாத்து வேற பூட்டுப் போட்டா, முடிஞ்சுது கதை."

மறுநாள் குழாயில் தண்ணீர் நின்றது.

வேறு யாராவது என்றால் அந்தப் பேச்சை மிரட்டல் என்று உதறியிருப்பார்கள். இவரால் முடியவில்லை. ஏனென்றால் அது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு ஆள் டீ குடித்து முடிக்கிற நேரம் போதும். பூட்டுக்குள் சாவி திரும்புகிற பழைய உருளையைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால், காலையில் உன் வீடாக இருந்தது சாயங்காலம் அடுத்தவன் வீடு. அப்படி வெளியே எடுத்து வைத்த சாமான்களைத் தெருவில் அவர் பார்த்திருக்கிறார்: வானத்தைப் பார்த்துக் கிடக்கிற நிலைக்கண்ணாடி, பாதிச் சோறோடு ஒரு பாத்திரம். கண்ணை மூடினால் அந்தப் பாத்திரம்தான் வந்தது.

அவர் தொழில் பழகிய பட்டறையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பூட்டிய வீட்டில் கை வைக்கும் முன் மூன்று தட்டுத் தட்டி, "உள்ள யாரு?" என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் பையை மூடிக்கொண்டு திரும்பிவிட வேண்டும், எவன் எவ்வளவு கொடுத்தாலும். அந்தப் பட்டறை ஆட்கள் இன்றும் அதை மீற மாட்டார்கள். ஆனால் இப்போது வருகிறவர்கள் துளை போட்டு முடித்த பிறகுதான் யார் வீடு என்றே கேட்கிறார்கள்.

ஆகவே பூட்டுக்காரர் தன் கதவுக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று பூட்டுகளை ஏற்றினார். குறுக்கே ஒரு இரும்புச் சட்டம். அவர் சொல்லச் சொல்ல, திருகியது மனைவி.

"இன்னும் இறுக்கு. இன்னும்."

"இதுக்கு மேல இறுக்கினா சுவரே வந்துரும். என் புருஷன் காதா இருந்தா எப்பவோ திருகி முடிச்சிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டைவிட்டு வெளியே இறங்கவும் இல்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால், கையில் இருந்த கரண்டியைக்கூட ஓசைப்படாமல் கீழே வைப்பார்.

மாப்பிள்ளை போட்ட கேஸில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தபோது மனைவிதான் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். கோர்ட் வளாகத்திலேயே காசில்லாத ஆட்களுக்கு உதவ ஒரு வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"கேட்டுக்கோங்க. பாக்கி இருந்தாலும் அவர் பாட்டுக்குப் பூட்ட முடியாதாம். தண்ணிய நிறுத்துறதும் தப்பாம். ஜட்ஜு உத்தரவு போட்டாத்தான் நம்மள வெளிய அனுப்ப முடியும். அவர் வாங்க மாட்டேன்னு சொன்ன பணத்தை கோர்ட்டுலயே கட்டலாமாம். மீதிக்குத் தவணையும் கேக்கலாமாம்."

"சரி."

"என்ன சரி? தேதிக்கு நீங்க வந்து நிக்கணும். கேஸ் உங்க பேருல. வரலேன்னா, அவர் சொல்றதை மட்டும் கேட்டு அவர் பக்கமே உத்தரவு ஆயிடுமாம். வக்கீலம்மா ரெண்டு தடவை சொன்னாங்க."

"நான் அங்க போய் நிக்கிற நேரம் இங்க வந்து பூட்டை மாத்திட்டா? சட்டம் சொல்லும்டி. பூட்டு அதைக் கேக்குமா?"

"நான் வீட்டுல இருக்கேன்."

"ரெண்டு தடியனுங்க வந்து தள்ளினா நீ என்ன பண்ணுவே? இந்தக் கதவுக்கு நான்தான் இருக்கணும். நீ போய்ச் சொல்லு, கை உடைஞ்சிருக்குன்னு."

"உடைஞ்சது கையா, காலா?" என்று அவள் கத்தினாள். அவர் இரும்புச் சட்டத்தைக் குறுக்கே போட்டுக்கொண்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

விசாரணை நாள் வந்தது. பணத்தைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு மனைவி தனியாகப் போனாள். அவள் இறங்கிப் போன சத்தம் அடங்கியதும் மூன்று பூட்டையும் சட்டத்தையும் போட்டார். பழகாத இடது கையிலிருந்து சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது.

கொஞ்ச நேரம்தான். மாடிப்படியில் ஆள் வருகிற சத்தம். நடை அவர் கதவின் முன்னால் நின்றது. பை ஒன்றைத் தரையில் வைக்கிற ஓசை; உள்ளே இரும்போடு இரும்பு மோதியது. அந்த ஓசையை அவர் எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவார்.

நடுப்பூட்டில் கம்பி நுழைந்தது. சுரண்டியது. நின்றது. மறுபடி சுரண்டியது.

தட்டவில்லை. குரல் கொடுக்கவில்லை. பட்டறை ஆள் இல்லை என்று நினைத்தார். மனைவி கூப்பிடுகிற ஃபோன் மடியில் அதிர்ந்தது, எடுக்கவில்லை. சட்டத்தை ஒற்றைக் கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுரண்டலையே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தேகம் முளைத்தது. இந்தக் கம்பி எதையும் தேடவில்லை. பூட்டுக்குள் சும்மா போய் வருகிறது. திறக்க நினைக்கிறவன் இப்படிச் சுரண்ட மாட்டான். அதோடு, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் வெளியே ஒரு மூக்கு உறிஞ்சுகிறது. இந்த மூக்கை எங்கேயோ...

"டேய் கண்ணாடி!"

கம்பி கீழே விழுந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், அதே பட்டறையில் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன்.

"அண்ணே? இது உங்க வீடா?"

"தட்டாம கைய வைக்கிறியேடா. பட்டறையில சோறு தின்னவன்தானே நீ?"

"திறக்க வரலண்ணே! திறக்கிறதா இருந்தா தட்டியிருப்பேன், தாயாணை. என்னைக் கூப்பிட்ட ஆளு திறக்கவே வேணாம்னுட்டான். உள்ள ஒரு ஆளு இருக்கு, மத்தியானம் வரைக்கும் விட்டு விட்டுச் சுரண்டிக்கிட்டே இரு, அது போதும்னான். சொந்தக்காரங்களுக்குள்ள ஏதோ விளையாட்டுன்னு நினைச்சேன்."

பூட்டுக்காரருக்கு அப்போதுதான் தலைக்குள் ஏதோ திறந்தது. மாப்பிள்ளைக்கு இந்தக் கதவு தேவையே இல்லை. பூட்டுக்காரர் இந்தக் கதவைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தேவை. இங்கே சுரண்டல், அங்கே உத்தரவு.

எழுந்தார். மேல் பூட்டில் சாவியை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி சொல்வது பொய்யாக இருந்தால்? தானே கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டமாக இருந்தால்? உள்ளிருந்து மட்டும் போடுகிற சட்டத்தை இவர் கையாலேயே எடுக்க வைக்கிறார்களா?

"அந்த ஆளு எங்கடா இருக்கான்?"

"கோர்ட்டுக்குப் போறேன்னு பளபளன்னு சட்டை போட்டுக்கிட்டுப் போனான்."

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தார்.

"இன்னும் கூப்பிடல," என்றாள் மனைவி. அழுதிருந்தாள். "அவர் முன்னாடியே வந்து உட்காந்திருக்கார். சிரிக்கிறார். வக்கீலம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காங்க. வரீங்களா, இல்லியா?"

மேல் பூட்டு, நடுப்பூட்டு, கீழ்ப்பூட்டு. கடைசியில் சட்டம். ஒற்றைக் கையால் அதைத் தூக்குவதற்குள் உயிர் போய்த் திரும்பியது. வெளியே கண்ணாடி பையை மூடிவிட்டு, தலையைக் குனிந்து நின்றான். பூட்டுக்காரர் அவனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"உட்காரு. சட்டத்தைப் போட்டுக்கோ. அடுப்பைப் பத்த வச்சு எதையாவது கொதிக்க விடு. எவன் தட்டினாலும் குரல் குடு. இந்த வீட்டுல ஆள் இருக்குன்னு தெரியணும்."

"நான் உங்களை ஏமாத்திட்டா?"

"உன் மூக்கு எங்க போனாலும் காட்டிக் குடுத்துரும், போடா."

சொன்னாரே தவிர, தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். பேருந்தில் ஏறியும் மனம் கதவிலேயே கிடந்தது.

கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது வாசலில் நின்று, மாவுக்கட்டுக் கையைத் தூக்கி, "இருக்கேன்யா!" என்றார். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று மனைவியே திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. வக்கீலம்மா எழுந்து பேசினார். கொண்டு வந்த பணத்தை அன்றே கோர்ட்டில் கட்டச் சொன்னார் நீதிபதி. மீதிக்குத் தவணை. தவணை தவறாதவரை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது, தண்ணீரை உடனே திறந்துவிட வேண்டும், பூட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு தவணை தவறினாலும் காலி பண்ண வேண்டியதுதான் என்பதையும் அவர் சொன்னார். அந்த வார்த்தைதான் பூட்டுக்காரருக்கு வழியெல்லாம் காதில் கேட்டது.

வீடு திரும்பும்போது மனைவியை முந்திக்கொண்டு படியேறினார். கதவு மூடியிருந்தது. சாவியை எடுக்கவில்லை. மூன்று தட்டுத் தட்டினார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவரே குரல் கொடுத்தார்: "உள்ள யாரு?"

ஒரு மூக்கு உறிஞ்சியது.

"ஆள் இருக்கு," என்றான் கண்ணாடி, தூக்கக் கலக்கத்தில். "யாரா இருந்தாலும் போயிட்டு அப்புறம் வாங்க."