பொட்டை அழிக்கச் சொன்னவர்

இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. எழுபதுகளின் ஆரம்பம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு படக்கடை. அதன் பின்னறையில் மூணு பொம்பளைங்க உட்கார்ந்து, தீப்பெட்டி அளவு யானைத்தந்தத் தகட்டில் முகம் எழுதுவோம். கீழே கையெழுத்து மட்டும் முதலாளியுது. வர்ற ஜனங்க எல்லாம் அவர்தான் எழுதுறார்னு நம்பிக்கினு போகும். போய்த் தொலையட்டும்னு விட்டிருந்தேன்.

தந்தம் காகிதம் மாதிரி சாயத்தைக் குடிக்காது. மேலேயே நிக்கும், ஈரம் பட்டா வழிச்சிக்கினு வந்துடும். ஊசிமுனைப் புள்ளியா வெச்சு வெச்சு ஒரு நெத்தியைக் கொண்டுவர நாலு நாள் ஆகும்.

மாகறல் பக்கத்து விவசாயி ஒருத்தர், தன்னையும் பொண்டாட்டியையும் எழுதச் சொல்லி கல்யாண ஃபோட்டோ கொடுத்தார். எழுதி முடிச்சு ஃபிரேம் போடுறதுக்குள்ள பாம்பு கடிச்சு செத்துட்டார். காரியம் முடிஞ்ச கையோடு அவர் அண்ணன் வந்தார். நிலத்தைத் தன் பேருக்கு மாத்த, தம்பி பொண்டாட்டியை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கினு வந்தவர், அப்படியே கடைக்குள்ளேயும் நுழைஞ்சார். பாவம் அந்தப் பொண்ணு, இருபத்திரண்டு வயசு இருந்தா அதிகம். வெறும் நெத்தியோட நின்னுது.

"தம்பியே பூட்டான். இதுல பொட்டு இன்னாத்துக்கு? அழிச்சுக் குடுங்க" என்றார்.

எனக்குப் பத்திக்கிச்சு. "எழுதச் சொன்ன மனுசன் பொட்டோடதான் எழுதச் சொன்னாரு. இந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?"

"அவளை இன்னா கேக்கறது?"

நான் கேட்டேன். "நீ சொல்லும்மா."

"இதுலயாச்சும் இருக்கட்டும்கா" என்றாள்.

முதலாளி என்னை முறைச்சார். தகட்டைப் பிடுங்கி, ஈரப் பஞ்சால ஒரே தேய். பொட்டோட நெத்தியும் பாதிப் புருவமும் போய், வெறும் தந்தம் பல்லிளிச்சுது. அடப்பாவி! தூரிகை நுனியை லேசா நனைச்சு ஒத்தி எடுக்கணும்னுகூடத் தெரியாத ஆள், இத்தனை வருஷம் என் வேலைக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கார்!

"சரி பண்ணு" என்று என்கிட்டயே தள்ளினார்.

பல்லைக் கடிச்சிக்கினு நாலு நாள் உட்கார்ந்து நெத்தியைக் கொண்டுவந்தேன். முதல்ல வந்த அன்னைக்கு ஆபீசுல ஏதோ தாள் குறைஞ்சு பதிவு நடக்கலையாம், அஞ்சாம் நாள் ரெண்டு பேரும் திரும்ப வந்தாங்க. அந்தப் பொண்ணு எதிரிலேயே சிவப்பைத் தொட்டு, முன்னைவிடப் பெரிய பொட்டா வெச்சு, அவள் கையிலேயே கொடுத்தேன்.

அண்ணன்காரர் குதிச்சார். முதலாளி, "நாளையிலேர்ந்து வராதே" என்றார். "வரலை, போய்யா! இனிமே நீ எவ எழுதின முகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுறேன்னு பாக்குறேன்" என்றேன்.

"ஏய், கெளம்பு. கைநாட்டு வைக்கணும், ஆபீசு மூடிடுவான்" என்று அண்ணன்காரர் அவளை அதட்டினார்.

அவள் தகட்டை உள்ளங்கையில் ஏந்திக்கினு, அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துட்டாள்.

"மூடட்டும் மாமா. இது இன்னும் காயலை."