வலது இறக்கை

இரத்தினசிங்கம் ஊரறிந்த மனிதர் அல்ல. உவர்மலையில் அவருடைய வீட்டுக்கு வருகிறவர்கள்கூட, சாறிச் சட்டை தைக்கிற கமலேஸ்வரி அக்கா வீடு எது என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் என்பதுதான் தெருவில் அவருக்கு இருந்த ஒரே பட்டம். அதைப் பற்றி அவருக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கந்தளாய்க் குளத்திலிருந்து பிரிகிற வாய்க்கால்களையும் மதகுகளையும் இளமை முழுக்கத் தாளில் கீறியவர். கோணல் கோட்டைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. சுவரில் கலண்டர் கொஞ்சம் சரிந்து தொங்கினாலும் போதும், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்துதான் மிச்சத்தைச் சாப்பிடுவார். கலியாணம் முடித்த முதல் மாதத்திலேயே கமலேஸ்வரிக்கு இது அலுத்துவிட்டது. இந்த மனிதன் கலண்டரை நிமிர்த்துகிற நேரத்துக்கு ஒரு தேங்காய் துருவித் தந்திருக்கலாம் என்று முணுமுணுப்பாள். பிள்ளைகள் இல்லை. ஒருவருடைய குறையை மற்றவர் சொல்லிக் காட்டிக் காட்டியே இருவரும் ஒட்டிப்போயிருந்தார்கள்.

விமானப் பைத்தியம் அவருக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. உவர்மலையில் நின்றால், துறைமுகத் தண்ணீருக்கு அப்பால் சீனக்குடாவில் ஏறி இறங்கும் விமானங்கள் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். ஆனால் சண்டைக் காலத்தில் ஒரு தமிழன், அதுவும் துறைமுகத்தைப் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு, ரேடியோவால் ஓட்டுகிற விமானம் செய்யப்போகிறேன் என்று வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஆசையை விழுங்கிக்கொண்டு வாய்க்கால் கீறினார். சண்டை முடிந்து, பென்சனும் வந்த பிறகு, பழுதான வானொலிப் பெட்டியைத் திருத்தக் கொடுக்க ஒருநாள் பக்கீரின் கடைக்குப் போனார். கடைக் கூரையில் ஒரு சின்ன விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. வானொலியை மேசையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்பினார்.

பக்கீர் கிண்ணியாக்காரர். கந்தளாய்ப் பக்கம் அவருடைய மச்சானுக்கு வயல் இருக்கிறது. அறுவடை முடிந்ததும், எடுக்க வேண்டிய அனுமதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அங்கே கொண்டுபோய்த்தான் விமானத்தைப் பறக்க விடுவார். கடற்படையும் விமானப்படையும் சூழ்ந்திருக்கிற துறைமுகத்தில் பட்டத்துக்கு மேல் எதை ஏற்றினாலும் பதில் சொல்லி மாளாது. இப்போதெல்லாம் எல்லாம் பொருத்தித் தயாராகப் பெட்டியில் வருகிறது, இறக்கையை மாட்டினால் பறக்கும் என்று அவர் இரத்தினசிங்கத்துக்குச் சொல்லிப் பார்த்தார். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பறக்க விடுவதற்குப் பட்டம் போதாதா என்று கேட்டார். தானே படம் கீறி, தானே வெட்டி, தானே ஒட்டிக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். பக்கீரும் விட்டுக்கொடுத்து, கொழும்பிலிருந்து பால்சாப் பலகை எடுப்பித்துக் கொடுத்தார்.

பால்சாவை மரம் என்று சொன்னால் மரங்கள் கோபித்துக்கொள்ளும். கையில் எடுத்தால் எடுத்தது தெரியாது. நகம் பட்டாலே பள்ளம் விழும். அந்தப் பூஞ்சை மரத்துக்காக வீட்டின் சாப்பாட்டு மேசை பறிபோயிற்று. புருஷனும் மனைவியும் குசினியில் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கமலேஸ்வரி ஏசாத நாளில்லை. இறக்கைக்கு நிறையக் குண்டூசி வேண்டும் என்று அவர் சொன்னபோது, ஏசிக்கொண்டே தன் தையல் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

உடல் முடிந்தது, வால் முடிந்தது, பிறகு இடது இறக்கை. மென்பலகையில் படத்தை விரித்து, அதற்கு மேல் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஊசிகளால் பிடித்து ஒட்ட வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் நீளக் குச்சி, இடையில் முதுகு வளைந்த விலாக்கள் வரிசையாக. எல்லாம் காய்ந்து ஊசிகளைப் பிடுங்கி எடுத்தபோது, பெரிய பாரை மீனைத் தின்று முடித்து முள்ளை முறியாமல் எடுத்து வைத்தது போல இருந்தது. மேசை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சண்டை பிடிக்க வந்த கமலேஸ்வரி, வந்ததை மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு வடிவு.

வலது இறக்கைக்கு அவர் படமே கீறவில்லை. அது சோம்பல் அல்ல, கெட்டித்தனம். தாளில் எண்ணெய் பூசினால் கோடுகள் மறுபக்கமும் தெளிவாகத் தெரியும். தாளைக் கவிழ்த்துப் போட்டால் இடது வலதாகிவிடும்.

"கமலா, தேங்காயெண்ணெய்ப் போத்தலை ஒருக்கால் எடும்" என்றார்.

கறிக்கு வைத்த எண்ணெயைக் கடதாசிக்குப் பூசுகிற மனிதனை உலகத்தில் வேறு எங்கேயாவது கண்டதுண்டா என்று அவள் குசினிச் சுவரிடம் கேட்டாள். போத்தல் வந்தது.

அந்த இறக்கையும் முடிந்தது. மேசையடியைக் கூட்ட வந்த கமலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ மனதில் இடித்தது. அவளுக்கு விமானம் தெரியாது, சட்டை தெரியும். சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டால் அந்தத் துணி குப்பைக்குத்தான். புதிதாகத் தைக்கப் பழகுகிற பெட்டைகள் செய்கிற பிழை அது. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தவை இரண்டும் இடது. கவிழ்த்துப் போட்டாலும் சரிவராது, வளைந்த முதுகு அடிப்பக்கம் போய்விடும். மனிதன் எண்ணெயைப் பூசிவிட்டுத் தாளைத் திருப்ப மறந்திருக்கிறார்.

அவள் மேசையடியைக் கூட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். மறுநாள் இறக்கைகளை உடலில் பொருத்திப் பார்த்தபோது அவரே கண்டுகொண்டு சிரித்தார். பக்கீருக்கு எடுத்துச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார். புதுப் பலகை வந்தது. இந்த முறை தாளின் ஓரத்தில் 'திருப்பு' என்று சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்கினார். பொறுமையாகச் செய்தார். மூன்றாவது இறக்கையும் இடதாகவே வந்தது.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்தபடி இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்தவர் திரும்பவும் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனதும், சந்தைக்குப் போய் வெறும் பையோடு வந்து நின்றதும் அப்போதுதான் கமலேஸ்வரிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வயது போனால் வருகிற மறதிதானே என்று அதற்கெல்லாம் ஏசிவிட்டு விட்டிருந்தாள். சுவரைப் பார்த்தாள். கலண்டர் சரிந்து தொங்கியது. எத்தனை நாளாக அப்படித் தொங்குகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கு மண்டைக்குள்ள என்னவோ பிழைச்சிட்டுது, கமலா" என்றார் அவர்.

டொக்டர் நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கவில்லை. இது மறதி நோய், மாறுகிற வருத்தம் இல்லை என்றார். மருந்து கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். பழைய ஞாபகங்கள் நின்றுபிடிக்கும். புதியவை முதலில் போகும், போகப்போக ஆட்களும் மறந்துபோவார்கள். ஓட்டோவில் வீடு வந்து இறங்கினார்கள். வாசல் படலையில் கையை வைத்த பிறகு இரத்தினசிங்கம் சொன்னார்.

"அது பறக்கிறதை நான் பாக்கவேணும். சும்மா பாத்தால் போதாது. அது என்ர எண்டு எனக்குத் தெரியவும் வேணும்."

"பாப்பீங்கள்" என்றாள் கமலேஸ்வரி. "மற்ற இறக்கையை நான் கட்டித்தாறன்."

சொல்லிவிட்டாள். பிறகுதான் பயம் பிடித்தது. கையில் இருந்த சட்டைத் துணிகளை எல்லாம் ஆட்களிடம் திருப்பிக் கொடுத்தாள். கலியாணச் சட்டைக்குக் கொடுத்திருந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள், போகட்டும். முதலில் எண்ணெய்த் தாளைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் பசை போட்டு மென்பலகையோடு ஒட்டினாள், இனி ஆரும் திருப்பத் தேவையில்லை. அவர் செய்த முதல் இறக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சட்டைக் கைகளைச் சோடி பார்ப்பது போல ஒவ்வொரு துண்டையும் அதோடு பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினாள். முதல் நாள் வெட்டிய விலா கைக்குள்ளேயே முறிந்தது. பால்சா முறிந்தால் சத்தம்கூட ஒழுங்காக வராது. அவள்தான் சத்தம் போட்டு அழுதாள்.

நல்ல நாட்களில் அவர் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். "மரத்துக்குள்ள ஊசியைக் குத்தாதேயும், ரெண்டு பக்கமும் அணைச்சுக் குத்தும்" என்பார். "அரத்தாளை அழுத்தாதேயும், தடவும்" என்பார். இவ்வளவு காலமும் ஏச்சு வாங்கியதற்கு எல்லாம் சேர்த்து வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு அது இனித்தது. கூடாத நாட்களில், யாரோ மேசையைக் குப்பையாக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, குத்தியிருந்த ஊசிகளை எல்லாம் பிடுங்கித் தகரப் பேணிக்குள் போட்டுவிடுவார். பசை காயாத விலாக்கள் சரிந்து கிடக்கும். அவள் திரும்பத் தொடங்குவாள். வாய்க்கு ஓய்வு கொடுத்தறியாத கமலேஸ்வரி அந்த மாதங்களில் அவரை ஒரு தடவைகூட ஏசவில்லை. ஏசினால் நல்லாயிருக்கும் என்று அவளுக்கே பட்டது. ஏசாத வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது.

இறக்கை ஒருவழியாக முடிந்தது. பக்கீர் வந்து எடுத்து உடலில் பொருத்தினார். பொருந்தியது.

"அக்கா, சேர் கட்டின இறக்கைக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்ல ஏலாது" என்றார்.

பச்சைப் பொய். அவளுடைய இறக்கையில் பசை கட்டி கட்டியாக நின்றது, இரண்டு விலாக்கள் ஒரு பக்கம் சரிந்து நின்றன. ஆனால் மேலே போர்த்துகிற செம்மஞ்சள் தாளைப் பக்கீர் கொண்டுவந்து கொடுத்தபோது, இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் அதை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டினாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. மோட்டரையும் பட்டரியையும் பக்கீர் பூட்டினார்.

விமானம் முடிந்தது, வயல் முடியவில்லை. பெரும்போக நெல் இன்னும் பழுக்கவில்லை. பழுத்த நேரத்தில் காலம் தப்பிய மழை வந்து, அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்க முடியாமல் நின்றது. கமலேஸ்வரி மழையைத் திட்டினாள். அந்த இடைவெளியில் இரத்தினசிங்கம் பக்கீரைப் பழைய நீர்ப்பாசனக் கந்தோர்ச் சிநேகிதன் ஒருவனின் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். பக்கீரும் அந்தப் பெயருக்கே ஓம் சேர் என்று பதில் கொடுத்தார். குசினிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். காலையில் எழும்பும்போது இரத்தினசிங்கம் தன்னைக் கமலா என்று கூப்பிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள் கமலேஸ்வரி. கூப்பிடுவார். அன்றைய பொழுது தப்பியது என்று எழும்புவாள்.

கடைசியில் வயல் வெளித்தது. பக்கீரின் வான் வண்டியில் மூன்று பேரும் கந்தளாய்க்குப் போனார்கள். இரத்தினசிங்கம் அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குளக்கட்டுத் தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. யன்னலால் கையை நீட்டி ஒவ்வொரு வாய்க்காலையும் பெயர் சொல்லிக் காட்டினார். இந்த இடத்தில் தண்ணீர் ஏறாது என்றார்கள், நான் சாய்வைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக் கொண்டுவந்தேன் என்று சொன்னார். "இந்த மதகு நான் கீறினனான்" என்றார். ஒன்றும் பிழை இல்லை, ஒரு தடுமாற்றமும் இல்லை. கமலேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காலம் பிந்தவில்லை, நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தாள். கந்தளாய்ப் பிள்ளையாருக்கு மனதுக்குள் ஒரு மோதகப் பூசை நேர்ந்துகொண்டாள்.

அறுத்த அரிதாள் நின்ற வயலின் நடுவே பக்கீர் விமானத்தை வைத்துவிட்டுப் பின்னுக்கு வந்து நின்றார். மோட்டர் இரைந்தது. விமானம் தத்தித் தத்தி ஓடிற்று, பிறகு ஓடவில்லை, மேலே நின்றது. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அது தன்னுடைய பசைக்கட்டிகளின் பாரம் என்று கமலேஸ்வரிக்குத் தெரிந்தது. பக்கீர் விரலால் ஏதோ செய்து நிமிர்த்தினார். செம்மஞ்சள் இறக்கைகள் இரண்டும் குளக்கட்டுப் பக்கம் போய், திரும்பி, அவர்களுடைய தலைக்கு மேலாக வந்தன. அவள் விமானத்தைப் பார்த்தது கொஞ்சம்தான். அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அவர் விமானம் போகிற பக்கமெல்லாம் திரும்பினார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அந்த முகத்தில் கண்டதில்லை. அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நல்ல வடிவாய்ப் பறக்குது" என்றார்.

"ஓம்."

"உங்கட மிஸ்டரோ கட்டினவர்?"

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அவளை நீர் என்றுதான் கூப்பிட்டவர். கோபம் வந்தாலும் நீர், கொஞ்சினாலும் நீர். நீங்கள் என்று மறந்தும் சொன்னதில்லை. மிஸ்டர் என்பது, முன்பின் தெரியாத பெண்கள் கந்தோருக்கு வந்தால் அவர்களுடைய புருஷனை விசாரிக்க அவர் வைத்திருந்த மரியாதைச் சொல். பக்கீருக்கும் கேட்டிருக்கும். விமானம் வானத்தில் நிற்கையில் அவரால் கண்ணை எடுக்க ஏலாது.

"ஓம்" என்றாள் கமலேஸ்வரி. "அவர்தான் கட்டினவர்."

"கெட்டிக்காரன்" என்று அவர் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு வயலைச் சுற்றிவரப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"எங்கை ஆள்? பாக்க வரேல்லையோ?"

"வருவார்" என்றாள் கமலேஸ்வரி.